ஜாமைக் கிளறியது யார்?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கைப்பேசியில் பலகார விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. முறுக்கு, நெய் உருண்டை, அச்சு முறுக்கு, கூடவே தவறாமல் அன்னாசி டார்ட். சிவப்பு மூடி போட்ட பாட்டிலில் பொன்னிறமாக அடுக்கிய படம் இருக்கும். விலை இருக்கும், வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் நாள் இருக்கும். உள்ளே வைத்த ஜாமை விற்பவரே கிளறினாரா, பொட்டலத்தில் வாங்கினாரா என்ற தகவல் மட்டும் இருக்காது. அதையும் விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அன்னாசி டார்ட்டில் மாவு வேலை சுலபம். வெண்ணெய், கோதுமை மாவு, முட்டையின் மஞ்சள் கரு, கொஞ்சம் சோள மாவு. அளவு சரியாக இருந்தால் முதல் தடவையே வந்துவிடும். ஜாம் அப்படி வராது. அதற்கு ஆள் அடுப்படியில் நிற்க வேண்டும்.

என் அம்மா இதில் மிகவும் கண்டிப்பு. பழத்தைத் துருவத்தான் வேண்டும், அரைக்கக் கூடாது என்பார். அரைத்தால் நார் போய்விடும், கடிக்க ஒன்றும் இருக்காது. துருவும்போது விரல்கள் அரிக்கும். பச்சை அன்னாசியில் இருக்கும் புரோமெலைன் என்ற நொதியின் வேலை அது. சூடு பட்டதும் அடங்கிவிடும். பழச் சதையில் நூற்றுக்கு 86 பங்கு தண்ணீர். ஆப்பிள், கொய்யாவில் பெக்டின் நிறைய இருப்பதால் ஜாம் எளிதில் உறையும். அன்னாசியில் அது குறைவு. தண்ணீரை வற்ற வைத்துத்தான் கெட்டியாக்க முடியும். ஒன்றரைக் கிலோ துருவலும் 300 கிராம் சீனியும் சேர்ந்து, கடைசியில் வாணலியில் 650 கிராம் அளவுக்குத்தான் மிஞ்சும். உருண்டைக்குப் பத்து கிராம் என்றால் 65 டார்ட்டுக்குத் தாங்கும். இப்படி வற்றக் கிளற ஒன்றரை மணி நேரம் ஆகலாம், பழத்தில் நீர் அதிகமென்றால் இரண்டு மணி நேரமும் ஆகலாம்.

சீனியைத் தொடக்கத்திலேயே கொட்டக் கூடாது. நீர் பெரும்பாலும் வற்றி, பழத்தை ருசி பார்த்த பிறகுதான் போட வேண்டும். இல்லையென்றால் நிறம் கறுத்து அடி பிடிக்கும். பட்டை ஒரு துண்டு, நான்கைந்து கிராம்பு போதும். சிலர் அன்னாசிப்பூவும் சேர்ப்பார்கள், எனக்கு அந்த வாசம் அதிகமாகத் தெரிகிறது. அல்வா கிளறிப் பழகிய கைக்கு இந்தப் பதம் புதிதல்ல. கரண்டியால் ஒதுக்கினால் வாணலியின் அடி தெரிய வேண்டும். ஒதுக்கிய இடத்தில் நீர் கசியக் கூடாது. அவசரப்பட்டு இறக்கினால் ஜாமின் ஈரம் மாவுக்கு ஏறி டார்ட் நமுத்துவிடும், சில நாளில் பூஞ்சையும் பிடிக்கும்.

பொட்டலத்தில் வரும் ஜாம் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. எப்போதும் ஒரே பதத்தில் இருக்கிறது, நேரம் மிச்சமாகிறது. ஆனால் லேபிளைப் படித்துப் பாருங்கள். சிலவற்றில் சீனியோடு குளுக்கோஸ் பாகும் நிறமும் சேர்ந்திருக்கும். புளிப்பு இருக்காது. அன்னாசியின் புளிப்பும் வெண்ணெயின் உப்பும் ஒன்றாக நாக்கில் படும்போதுதான் அது அன்னாசி டார்ட். புளிப்பை எடுத்துவிட்டால் வெறும் இனிப்பு பிஸ்கட்தான் மிஞ்சுகிறது.

“இது நம்ம பலகாரமே இல்லையே, இதற்குப் போய் இவ்வளவு பேச்சா?” என்று கேட்பவர்கள் உண்டு. நான் இருப்பது சிங்கப்பூரின் யீஷூனில். இந்த வட்டாரத்துக்குப் பெயர் கொடுத்த லிம் நீ சூனை (1879-1936) அன்னாசி மன்னர் என்றே அழைத்தார்கள். அன்றைய ரப்பர் தோட்டங்களில் கன்று பால் கொடுக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை நிலம் சும்மா கிடக்க வேண்டாமென்று வரிசைகளுக்கு இடையில் அன்னாசி நட்டார்கள். பழத்தைத் தகரத்தில் அடைத்துப் பிரிட்டனுக்குக் கப்பலேற்றினார்கள். மரம் உயர்ந்து நிழல் கட்டியதும் அன்னாசியின் காலம் முடிந்தது. பால்மரம் வெட்ட ஆட்கள் வந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் தமிழர்கள். நான் பழம் வாங்கும் சொங் பாங் சந்தைக்கும் நீ சூனின் மகன் பெயர்தான். அன்னாசிக் காடாக இருந்த மண்ணில் குடியிருந்துகொண்டு, இந்தப் பழம் நமக்கு அந்நியம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அம்மா இதைக் கற்றது செம்பவாங்கில் கம்பத்து வீட்டில் இருந்தபோது, பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மலாய் அத்தையிடம்). தகரத்தில் செய்த அடுப்பு. கீழே கரி போட்டு, மூடியின் மேலும் தணலை அள்ளி வைப்பார்கள். நோன்புப் பெருநாளுக்கு மக்சிக் டார்ட் சுட்டால் அம்மா போய் மாவு பிசைந்து கொடுப்பார். தீபாவளிக்கு அம்மா முறுக்கு பிழிந்தால் மக்சிக் வந்து எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். இன்று நான் மாவு வெட்டும் பித்தளை அச்சு மக்சிக் கொடுத்தது. வெண்ணெயில் கொஞ்சம் நெய் கலந்து பார்த்தது அம்மா. அந்த நெய் பிறகு மக்சிக் வீட்டு டார்ட்டிலும் சேர்ந்துகொண்டது. டார்ட்டின் வடிவம் வீட்டுக்கு வீடு மாறும். நியோன்யா (பெரனாக்கான்) வீடுகளில் பூப்போல் வெட்டிய மாவின் நடுவே ஜாம் வெளியே தெரியும். சுருட்டிச் செய்வதும் உண்டு. இந்தோனீசியர்கள் உருட்டி மூடி, தலையில் ஒரு கிராம்பு குத்தி, நஸ்தார் என்பார்கள். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ் என நான்கு பெருநாளுக்கும் இந்த ஊரில் மேசைக்கு வரும் பலகாரம் வேறு எத்தனை இருக்கின்றன?

விற்பவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் தங்கை மகளே வீட்டில் சுட்டு விற்கிறாள். பகலில் அலுவலக வேலை, இரவில் அடுப்பு. “பெரியம்மா, நானே கிளறினால் பாட்டிலுக்கு ஐந்து வெள்ளி கூட்ட வேண்டியிருக்கு. கூட்டினால் எல்லாரும் அடுத்த ஆளிடம் போய்விடுகிறார்கள்” என்றாள். அவள் சொல்வது நியாயம். விளம்பரத்தில் எல்லாப் பாட்டிலும் ஒன்றுபோலத் தெரியும்போது வாங்குபவர் விலையைத்தான் பார்ப்பார். இரண்டு மணி நேரம் கரண்டி பிடித்தவருக்கும் பொட்டலம் பிரித்தவருக்கும் ஒரே விலை கிடைத்தால், கரண்டி பிடிப்பவர் எத்தனை வருடம் தாங்குவார்? முட்டை சேர்த்தது, சேர்க்காதது என்று பலர் இப்போது எழுதுகிறார்கள். முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம் அது. ஜாமைப் பற்றியும் நாம் கேட்டால் எழுதுவார்கள். “ஜாம் வீட்டில் கிளறியது”, “ஜாம் வாங்கியது”, இரண்டில் ஒன்றைப் போடட்டும். வீட்டில் கிளறியதுதான் வேண்டும் என்பவர்கள் கூடுதலாக ஐந்து வெள்ளி கொடுக்கத் தயாராக வேண்டும். கேட்டுவிட்டு விலை பேசுவது நன்றாக இருக்காது.

சமூக மன்றங்களில் டார்ட் வகுப்புகள் நடக்கின்றன. நான் போய்ப் பார்த்த ஒன்றில் மாவை அழகாகச் சொல்லிக் கொடுத்தார்கள், ஜாம் மட்டும் தயாராக உருட்டி வைத்திருந்தது. வகுப்பு நேரத்துக்குள் கிளறி முடியாதுதான். அப்படியென்றால் ஜாமுக்கென்று தனியாக ஒரு நாள் வையுங்கள். சொல்லிக் கொடுக்க எங்கள் புளோக்கிலேயே பாட்டிமார்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். வீட்டு ஆண்களையும் பையன்களையும் சேர்த்தே கூப்பிடுங்கள். கெட்டியான ஜாமைக் கிளறத் தோளில் பலம் வேண்டும்.

வீட்டில் செய்ய நினைப்பவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. நன்றாக வற்றிய ஜாம் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு வாரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை துருவிக் கிளறி வைத்துவிட்டு அடுத்த சனிக்கிழமை மாவு பிசையலாம். முழுதும் பழுத்த பழம் வேண்டாம். அடியில் மட்டும் மஞ்சள் ஏறியதைக் கேட்டு வாங்குங்கள், புளிப்பு அதில்தான் இருக்கும். கண்களை நன்றாகச் செதுக்கி எடுங்கள். நடுத்தண்டையும் தூக்கிப் போடாமல் பொடியாகத் துருவிச் சேர்க்கலாம்.