தேய்மானம் என்றொரு சொல்

பக்கத்து வீட்டு அக்காவுக்கு வயது 50. இடுப்பு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்த நாளிலிருந்து அவர் தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை. தரையில் சம்மணமிட்டு உட்காருவதில்லை. சாயங்கால நடையும் நின்றுவிட்டது. ரிப்போர்ட்டில் எல்4-எல்5 (இடுப்பின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகள்) என்ற வரிக்குக் கீழே யாரோ பேனாவால் அழுத்திக் கோடு போட்டிருந்தார்கள். "ஜவ்வு தேஞ்சு போச்சாம். நடந்தா இன்னும் தேயுமில்ல?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். செருப்பு தேய்கிறது, டயர் தேய்கிறது. புழங்கப் புழங்கக் குறைவதைத்தானே தேய்மானம் என்கிறோம்? வம்பே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஜவ்வு என்று நாம் சொல்லும், முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் உயிருள்ள திசு. வெளியே நார் வளையங்கள், நடுவே நீர் நிறைந்த கூழ். வயது ஏற ஏற அந்த நீர் வற்றுகிறது, டிஸ்கின் உயரம் குறைகிறது, ஸ்கேனில் கறுத்துத் தெரிகிறது. வற்றிப்போச்சு என்று சொல்லியிருந்தால் அக்கா இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

பின்லாந்தில் இரட்டைச் சகோதரர்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். ஒருவர் உடலுழைப்பு வேலை, மற்றவர் உட்கார்ந்த வேலை என்றிருந்தும் டிஸ்கில் பெரிய வித்தியாசம் இல்லை. சுமந்த பாரத்தைவிடப் பரம்பரைக்கே அதில் பங்கு அதிகம்.

வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை அலசிய தொகுப்பாய்வு ஒன்று 2015இல் வெளியானது. 20 வயதில் 37 சதவீதம் பேருக்கும், 50 வயதில் 80 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் இதே 'தேய்மானம்' இருந்தது. அக்காவின் வயதில் ஒரு வலியும் இல்லாமல் நடமாடும் ஐந்து பேரில் நான்கு பேருக்கு இப்படித்தான் ரிப்போர்ட் வரும்.

அதற்காக அக்காவின் வலி பொய்யாகிவிடாது. அது டிஸ்கிலிருந்தும் வரலாம், பக்கத்து மூட்டுகளிலிருந்தோ தசையிலிருந்தோ வரலாம். பெரும்பாலோருக்கு இன்ன இடம் என்று ஸ்கேனால் சுட்டிக்காட்ட முடிவதில்லை. திடீரென்று பிடிக்கும் இடுப்பு வலி பலருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். படுத்தே கிடந்தால் தசை தளர்ந்து, எழுவது இன்னும் கஷ்டமாகும்.

உண்மையில் பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அறியாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய் வந்த உடம்பு என்றாலும் தள்ளிப்போடக் கூடாது.

அக்காவுக்கு இவற்றில் எதுவும் இல்லை. மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு நடக்கச் சொன்னார். முதல் வாரம் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய் வந்தார். இப்போது குடத்தைப் பாதி நிரப்பித் தூக்குகிறார்.