பிணைத்தொகையும் பிறரன்பும்

"குற்றவாளிக்குச் சோறு போடுவதே அதிகம்; அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கவும் பணம் செலவழிக்க வேண்டுமா? நேர்மையாய் உழைப்பவனுக்கே வழியில்லாத நாட்டில் இது என்ன நியாயம்?" சிறைவாசிகளின் நலனுக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இக்கேள்வியும் உடன் எழுகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்று பேசும் நல்ல கிறிஸ்தவர்களும் இதைக் கேட்கத் தயங்குவதில்லை. கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும் இக்கேள்வி நிற்கும் அடித்தளமே பிழையானது என்பதே நமது வாதம்.

முதலாவதாக, சிறையில் இருப்போர் யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். இவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நால்வரில் மூவரைக் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்பிடவில்லை, நாம்தான் தீர்ப்பிட்டுவிட்டோம்! பிணை வழங்கப்பட்ட பின்னும், தொகை கட்ட வழியின்றியும், சொத்துள்ள ஒருவர் ஜாமீன் நிற்க முன்வராமலும் உள்ளேயே கிடப்போர் உண்டு. பணமுள்ளவன் வீடு திரும்புகிறான்; இல்லாதவன் காத்திருக்கிறான். சட்டம் ஒன்று, வாசல்கள் இரண்டு.

இதற்குச் சான்றைத் தொலைவில் தேட வேண்டாம். அண்ணாமலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு ஜவ்வாது மலை அயலூர் அன்று. அம்மலையிலிருந்தும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் கூலிக்காகச் செம்மரம் வெட்ட ஆந்திரக் காடுகளுக்குப் போனவர்கள் பலர். 2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டனர். அக்கொலை கொடியது. ஆனால் அவ்வழக்கில் தமிழகத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் கைதாயினர். ஈராண்டுக்கும் மேலாகச் சிறையிலிருந்து, 2016இல் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். அந்த ஈராண்டுக் கூலியை யார் திருப்பித் தந்தார்? அவர்தம் பிள்ளைகளின் பசிக்கு எந்தத் துறை பொறுப்பேற்றது? மரத்தை விற்றுச் செல்வம் சேர்க்கும் முதலாளிகளுக்கோ வழக்கறிஞருக்குக் குறைவிருப்பதில்லை.

"சரி, தண்டனை பெற்றவர்களுக்கு ஏன்?" என்று கேட்கலாம். நம் மாவட்டத்தில் நீண்ட தண்டனை பெறுவோர் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் மத்திய சிறைக்கு அனுப்பப்படுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒருநாள் திரும்பி வருவர். நம் தெருவுக்கே வருவர். கையில் தொழிலோடு வருவதா, வெறுங்கையோடும் வன்மத்தோடும் வருவதா என்பது நாம் இன்று செலவிடும் பணத்தைப் பொறுத்தது. மறுவாழ்வுக்குச் செலவிட மறுக்கும் சமூகம், அதே மனிதனைக் காவல் காக்க இரண்டாம் முறையும் செலவிடும்.

"பாதிக்கப்பட்டவர்களை மறந்துவிட்டீர்களே!" என்பது அடுத்த குற்றச்சாட்டு. மறக்கவில்லை. உழைக்கும் கைதிக்கு நியாயமான ஊதியம் தரவேண்டும் என்றும், அதில் ஒரு பகுதி குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்குச் சேரும்படி சட்டம் வகுக்க வேண்டும் என்றும் 1998இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தொழிலற்றுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கைதியால் யாருக்கு ஈடு செய்ய முடியும்? பாதிக்கப்பட்டோர்மீது உண்மையான அக்கறை கொண்டவர்களே சிறைத் தொழிற்கூடங்களுக்காக முதலில் குரல் கொடுக்க வேண்டும்.

அறிவுரைக்குப் பஞ்சமில்லை. விடுதலைக்குப் பின்னான மறுவாழ்வும் சீர்திருத்தத்தின் பகுதியே என்று நீதியரசர் முல்லா குழு 1983இலேயே அறிக்கை தந்துவிட்டது. பஞ்சம் பணத்துக்குத்தான். 2023இல் நடுவண் அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தை அறிவித்தது. விசாரணைக் கைதியின் பிணைக்கு 40,000 ரூபாய் வரையும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையும் அதில் வகுக்கப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டது 20 கோடி ரூபாய். விசாரணைக் கைதிகளுக்கு மட்டும் அதைப் பங்கிட்டாலும் தலைக்கு ஏறத்தாழ 460 ரூபாய்! இது நீதியா, கண்துடைப்பா?

அரசை மட்டும் சாடிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. இந்தியத் திருச்சபை ஆகஸ்டு மாத இரண்டாம் ஞாயிறைச் சிறைப்பணி ஞாயிறாகக் கடைப்பிடிக்கிறது. கிறிஸ்து பிறப்பு விழாவில் கைதிகளுக்குக் கேக்கும் பிஸ்கட்டும் வழங்கும் வழக்கமும் பல பங்குகளில் உண்டு. இனிப்பு நல்லதே. ஆனால் அது பிணைத்தொகை ஆகாது. மின்விளக்குக்கும் வாணவேடிக்கைக்கும் ஆகும் திருவிழாச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் போதும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியாகச் சிலரையேனும் வீடு சேர்க்கலாம்.

பொதுநிலையினரே, சிறைத்துறை மாநில அரசின் பொறுப்பு என்கிறது அரசியலமைப்பு. உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் சாலை கேட்கும் நீங்கள், கிளைச் சிறையின் நிலையையும் கேளுங்கள். கடையும் பட்டறையும் நடத்துவோர், விடுதலையாகி வந்த ஒருவருக்கு வேலை கொடுங்கள்.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்வை காட்டப்படுகிறது. சிறையிலிருப்பவனைத் தேடிச் சென்றோமா என்று அங்கே வினவப்படுகிறது. அவன் குற்றம் செய்தவனா, செய்யாதவனா என்ற விசாரணை அங்கில்லை. விசாரிக்கப்படுவோர் நாமே.