நீதிமன்றத்துக் கண்காணிப்பாளர்க்குப் பயிற்சி வேண்டும்

நீதிமன்றம் என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவோர் நீதிபதியும் வழக்கறிஞருமேயாவர். மனுவை வாங்கி எண்ணிடுவோரும், கட்டுகளைக் காப்போரும், நகல் எடுப்போரும், அழைப்பாணையை வீடு தேடிக் கொடுக்கும் அமீனாவும், இவர்களை மேற்பார்க்கும் நாசர், தலைமை எழுத்தர், சிரஸ்தார் என்போரும் அவர்கட்குப் பின்னே இருப்பதை நாம் எண்ணுவதில்லை. தீர்ப்பு நீதிபதியின் நாவிற் பிறப்பினும், குடிமக்களிடம் அது வந்து சேர்வது இவர்கள் கைவழியாகவே.

சிலப்பதிகாரம் கற்றோர் இதனை எளிதில் உணர்வர். கோவலன் கொலையுண்டமைக்கு, ஆராயாது ஆணையிட்ட பாண்டியனையே யாவரும் பழிப்பர், அது தக்கதே. ஆயினும் கொலைக்களத்தில் நிகழ்ந்ததையும் நோக்குக. இவன் கள்வனல்லன் என்று ஏவலர் முதலில் ஐயுற்றனர். பொற்கொல்லனின் பேச்சு அவர்களை மயக்கிற்று. குடிவெறியன் ஒருவன் வாளை வீசினான். ‘பொறுங்கள், மன்னனிடம் மீண்டுஞ் சென்று கேட்போம்’ என்று தடுக்கத்தக்க தலைவன் ஒருவனும் அங்கிலன். அரசன் பிழை திருந்துதற்கிருந்த கடைசி வாயிலும் அவ்விடத்தே அடைபட்டது.

அப்பாண்டியரின் முத்துத்துறையாகிய கொற்கைக்கு அணித்தே உள்ளது ஏரல். இன்று அங்கே ஏழையை வருத்துவது வாளன்று, தாமதமே. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது ஏரலின் கடைவீதியும் வீடுகளும் நீரில் மூழ்கின. அவ்வெள்ளத்தில் தீர்ப்பு நகல் நனைந்து கெட்டுப்போன வாழை விவசாயி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் ஸ்ரீவைகுண்டத்துக்கோ தூத்துக்குடிக்கோ பேருந்தேறி நகல் மனுக் கொடுக்கவேண்டும். ‘கட்டு அகப்படவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்’ என்னும் ஒரு சொல் அவருக்கு ஒருநாட் கூலியை இழப்பிக்கும். அங்கிருப்போர் தீயவர் என்பதன்று. வேலையைப் பங்கிட்டுக் கணக்குப் பார்க்கக் கற்ற ஒருவர் இல்லாமையே பெரும்பாலும் காரணமாகும்.

எழுத்தராய்ச் சிறந்த ஒருவர் பணிமூப்பால் உயர்ந்து கண்காணிப்பாளர் ஆகின்றார். நேற்றுவரை தம் மேசையை மட்டும் காத்தவர், இன்று பத்துப்பேர் வேலையைக் காக்கவேண்டும். சோம்புவோரைத் தூண்டவும், சுமை மிக்கோர்க்குத் துணை தரவும், வருந்தி வருவோர்க்கு இன்சொற் கூறவும் வேண்டும். நன்றாய் எழுதத் தெரிந்தமையால் இவையும் தெரியும் என்று கொள்வது, நன்றாய்க் கற்றவன் நன்றாய்க் கற்பிப்பான் என்று கொள்வதை ஒக்கும்.

பிறநாட்டார் இதனை முன்னரே கண்டனர். அமெரிக்கத் தலைமை நீதிபதி வாரன் பர்கரின் தூண்டுதலால் 1970-ல் நீதிமன்ற நிர்வாகத்தைக் கற்பிக்கவே ஒரு கழகம் ஏற்பட்டது. நம் நாட்டிற் பதின்மூன்றாம் நிதிக்குழு 2010 முதல் 2015 வரையுள்ள காலத்துக்கு நீதித்துறைக்குப் பரிந்துரைத்த 5,000 கோடி ரூபாயில், நீதிமன்ற மேலாளர்க்கென 300 கோடியை ஒதுக்கியது. மேலாண்மைப் பட்டம் பெற்ற அத்தகையோர் வேண்டும் என்று 2018-ல் உச்சநீதிமன்றம் கூறிற்று. 2025 மே மாதத்தில், அவர்கள் பணிக்குரிய விதிகளை வகுக்குமாறு உயர்நீதிமன்றங்கட்குக் கட்டளையிட்டது. தமிழ்நாட்டில் 2001-ல் தோன்றிய மாநில நீதித்துறைப் பயிற்சியகத்துக்குக் கோவையிலும் மதுரையிலும் கிளைகள் உண்டு.

இவை நற்றொடக்கங்களே. ஆயினும் வெளியிலிருந்து வரும் மேலாளர் ஒருவரால் மட்டும் காரியம் முற்றுப்பெறாது. அவர் நாசரிடம் நீதிமன்ற நடைமுறையைக் கற்கவேண்டும். நாசரோ அவரிடம் மேலாண்மையைக் கற்கவேண்டும். ஒருவரை ஒருவர் இகழ்வாராயின் இருவர் அறிவும் வீணாம்.

அநுபவமே போதிய ஆசிரியர் அன்றோ எனச் சிலர் வினவலாம். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைச் சான்றாகவும் காட்டலாம். அவர் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராய்த் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, பின்பு முன்சீப்பாய் உயர்ந்தார். 1805 முதல் 1861 வரை எழுந்த தீர்ப்புகளைத் தமிழிற் பெயர்த்துச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என 1862-ல் வெளியிட்டார். அவர் தாமே கற்றார் என்பது மெய்யே. ஆனால் அத்தகையோர் ஆயிரத்தில் ஒருவரே. ஊர்தோறுமுள்ள நீதிமன்றங்கள் அவ்வொருவருக்காகக் காத்திருக்க முடியுமோ? மேலும், தாம் அறிந்ததைப் பிறரும் அறியும்படி தமிழில் எழுதிவைத்தாரே, அதுவே பயிற்சியின் வித்து அன்றோ?

ஆதலால் நாம் வேண்டுவன இவை. பதவி உயர்வு பெறுவோர் நாற்காலியில் அமருமுன் சில வாரமேனும் பயிற்சி பெறுக. பாடங்கள் தமிழிலேயே நடைபெறுக. பின்பு தேர்ந்த மூத்தவர் ஒருவர் அருகிலிருந்து ஆவண அறையையும் நகற்பிரிவையும் கணினிப் பதிவையும் பழகுக. பயிற்சியின் பயனைச் சான்றிதழால் அளவாது, நகல் கிடைக்க எத்தனை நாள், அழைப்பாணை சேர எத்தனை நாள் என்பவற்றால் அளந்தறிக. ஆள் குறைந்த அலுவலகத்திலிருந்து பயிற்சிக்கு எவரை அனுப்புவது என்பர் சிலர். கோடரியைத் தீட்டும் நேரம் விறகு வெட்டுவோனுக்கு வீண்நேரமாகாது.

நம் கல்லூரியிற் கற்போருட் பலர் நாளை அரசுப் பணியிலும் நீதிமன்றப் பணியிலும் புகுவர். அவர்கள் மேசைக்கு எதிரே கையில் மனுவோடு ஒருவர் வந்து நிற்பார். அவரை மீண்டும் ஒருமுறை அலையவிடாமல் அனுப்பக் கற்றலும் கல்வியே என்பதை நாம் மறவாதிருப்போமாக.