பொட்டலம் வைத்திருப்பவரும் விற்பவரும்

மதிப்பிற்குரிய புதுக்கோட்டை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

கல்லூரி மாணவர் கைக்கு வரும் கஞ்சாப் பொட்டலம் சில கிராம்தான் இருக்கும். அதன் பின்னால் உள்ள வழி நீளமானது. ஆந்திர மலைப்பகுதிகளில் விளைவது ரயிலிலும் லாரியிலும் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. ஒரு பகுதி கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கரைகளை அடைந்து, பாக் நீரிணை தாண்டி இலங்கைக்குப் படகேறுகிறது. கடத்தல் பாதை குறுக்கே போகும் மாவட்டத்தில் கடலோரச் சோதனையும் கல்லூரிக் கண்காணிப்பும் ஒரே வேலையின் இரு முனைகள்.

2021 டிசம்பரில் மாநிலக் காவல்துறை ‘கஞ்சா வேட்டை’யைத் தொடங்கியது, 2022 மார்ச்சில் அது மீண்டும் நடந்தது. வியாபாரிகள் கைதானதோடு அவர்களின் வங்கிக் கணக்குகளும் முடக்கப்பட்டன. இதுவே சரியான இடத்தில் விழுந்த அடி. சிறைக்குப் போனவரின் இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார். கொள்முதல் பணம் முடங்கினால் சரக்கே வராது. 2022 ஆகஸ்ட் 11 அன்று பள்ளி, கல்லூரிகளில் போதைப்பொருளுக்கு எதிரான உறுதிமொழி எடுக்கப்பட்டது. தகவல் சொல்ல 10581 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

ஆனாலும் தகவல் சொல்ல மாணவர்கள் தயங்குகிறார்கள். விற்பவரை நன்கு அறிந்தவர் பெரும்பாலும் அவரிடம் வாங்கியவர்தான். வாய் திறந்தால் தன் மீதே வழக்கு வரும், பின்னாளில் அரசு வேலைக்கான காவல்துறைச் சரிபார்ப்பில் அது தடையாக நிற்கும் என்ற அச்சம் அவருக்கு. அந்த அச்சத்தைப் பொய்யென்று ஒதுக்க முடியாது.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமோ வாங்கியவரையும் விற்பவரையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு. தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. குறைந்தபட்சமே 10 ஆண்டு. இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை. இதைவிட முக்கியமானது 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையாகி, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்குள்ளான ஒருவர், தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர் மீது வழக்கு நடத்தப்படாது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் இந்தப் பாதுகாப்பு விலக்கப்படலாம். மாணவருக்கும் பெற்றோருக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். காவலர் கல்லூரிக்கு வந்து பேசும் விழிப்புணர்வுக் கூட்டங்களில் தண்டனை ஆண்டுகளே உரக்க ஒலித்தால், இந்தக் கதவு இருப்பது யாருக்கும் தெரியாமல் போகிறது.

மாவட்டத் தலைநகரிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சிறிய அளவோடு பிடிபடும் மாணவரிடம் 64ஏ பற்றி எழுத்தில் தெரிவித்து, அங்குள்ள மனநல மருத்துவரிடம் அனுப்பும் நடைமுறையை எல்லாக் காவல் நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கையால் கொண்டுவர இயலும்.

மருத்துவர் சீட்டு இல்லாமல் வலி நிவாரண மாத்திரைகளை வாங்கி, கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் தனிக் கவனம் கேட்கிறது. கடையில் நேரடியாக வாங்கும்போது பொட்டலமும் இல்லை, கடத்தல் பாதையும் இல்லை. மருந்துக் கடையின் விற்பனைப் பதிவேடுதான் தடயம். மருந்து ஆய்வாளரோடு சேர்ந்து அதைப் புரட்டாமல் இந்த வழியை அடைக்க முடியாது.

இப்படிக்கு,
மாவட்டவாசி ஒருவர்