டாக்டர் வைத்திருந்த கார்

தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களையெல்லாம் டாக்டர்கள்தாம் வைத்திருந்திருக்கிறார்கள். நான் சொல்லவில்லை, தரகர்கள் சொல்லுகிறார்கள். டாக்டர் இல்லாவிட்டால் பாங்கு மானேஜர். அவரும் அகப்படாவிட்டால் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போய் வந்ததைத் தவிர அந்தக் கார் வேறு பாவம் ஒன்றும் அறியாது. கல்யாணச் சவாரிக்கு வாடகைக்கு விட்டவரும், குவாரிச் சாலையில் இரவு பகலாக ஓட்டியவரும் தங்கள் வண்டியை விற்பதே இல்லை போலிருக்கிறது!

எனக்குத் தரகர்கள்மேல் கோபமில்லை. கத்தரிக்காய் விற்கிறவள் சொத்தை என்று கூவி விற்பாளா? என் சண்டை வாங்குகிறவர்களோடுதான். நாலு புத்தகம் படித்தவர்கள், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஐந்தாறு வருஷம் சேர்த்தவர்கள், நம்மவர்கள். 'கார் எப்படி இருக்கிறது?' என்று கேட்க வேண்டிய இடத்தில் இவர்கள் 'யாருடைய கார்?' என்று கேட்கிறார்கள். பதிலுக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்துவிட்டால் போதும். பானெட்டைத் திறந்து பார்ப்பதுகூட அநாகரிகம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

புதுக்கோட்டைச் சீமையில் இந்த வியாதி கொஞ்சம் முற்றியே இருக்கிறது. 1948 வரை சமஸ்தானமாக இருந்த ஊர் அல்லவா? பெரிய வீட்டு வாசலில் நின்றுகொண்டு பெரிய வீட்டுச் சாமானைச் சந்தேகிப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் இன்னும் இரத்தத்தில் இருக்கிறது. திருமயம் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நிற்கும் காரைப் பார்க்கப் போன நண்பர் ஒருவர், தேக்குத் தூண்களைப் பார்த்தார்; கொடுத்த காப்பியைக் குடித்தார்; முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். 'காரைப் பார்த்தீரா?' என்று கேட்டேன். 'அவ்வளவு பெரிய மனுஷர் வீட்டில் எப்படிச் சார் குனிந்து பார்ப்பது?' என்றார். தேக்குத் தூணா இவரைத் திருச்சிக்கு ஏற்றிக்கொண்டு போகப்போகிறது?

இவருடைய தாத்தா இப்படி இல்லை. மணப்பாறைச் சந்தைக்கு மாடு வாங்கப் போனால், விற்கிறவன் சொந்தச் சம்பந்தியாக இருந்தாலும் வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார். சுழி பார்ப்பார். குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது. யாரும் கோபித்துக்கொண்டதில்லை. தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்றார்கள். நாம் வாங்குவது தானமா?

'ஓடாத கார்' என்று ஒரு மாயை இருக்கிறது. இந்த மாவட்டத்தில் அதற்குத் தனிச் செல்வாக்கு. அறந்தாங்கிப் பக்கமும் கடற்கரை ஊர்களிலும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என்று சம்பாதிக்கப் போனவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். விடுமுறையில் வந்து ஆசையாகக் கார் வாங்குவார்கள். ஒரு மாதம் ஓட்டுவார்கள். மீதிப் பதினொரு மாதம் அது தகரக் கொட்டகையில் நிற்கும். ஏழு வருஷத்தில் பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றதும் வாங்குகிறவருக்கு வாயெல்லாம் பல்.

நின்றே கிழமான குதிரையைப் பந்தயத்துக்கு வாங்குவாருண்டா? ஓடாத காரில் எஞ்சின் ஆயில் வருஷக்கணக்கில் மாற்றாமல் கெட்டுக் கிடக்கும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்திருக்கும். ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்திருக்கும். பாட்டரி செத்திருக்கும். எலி ஒயர்களைக் கடித்துப் போட்டிருக்கும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து வண்டியென்றால் உப்புக் காற்று அடித்தகட்டை அரித்திருக்கும். மேலே பூசிய பெயிண்டு அதைச் சொல்லாது. வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஒழுங்காக ஓடி, ஒழுங்காகச் சர்வீஸ் செய்த காரே எனக்கு வேண்டும். ஓடாத காரைக் கட்டாயம் வாங்கத்தான் வேண்டுமென்றால் டயர், பாட்டரி, ஆயில், பிரேக் இவற்றின் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசவேண்டும்.

அந்தப் பதினெட்டாயிரமும் நிஜந்தானா என்பது வேறு கேள்வி. இப்போதைய மீட்டர்கள் மின்னணு மீட்டர்கள். அவற்றைத் திருத்தத் தெரிந்தவனுக்கு அது சிறிது நேரத்து வேலை. ஆனால் டயர் அப்படிப் பொய் சொல்லாது. அதன் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருஷம்: 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. கார் 2016-ல் பிறந்தது, மீட்டர் பதினெட்டாயிரம், நான்கு டயரும் 2019 என்றால், பதினெட்டாயிரத்துக்குள் ஒரு ஜதை டயர் எப்படித் தேய்ந்தது என்று கேளுங்கள். பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்றிருக்கிறதா, ஸ்டியரிங் தோல் பளபளக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸ் நிலையத்தில் வருஷவாரியாக எழுதிவைத்த கணக்கைக் கேளுங்கள். விற்கிறவர் முகம் மாறினால் அதையும் பாருங்கள்.

இன்னொரு ரகம், வெள்ளத்தில் குளித்த கார். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டு, ஊதுவத்தி வாசனையோடு வெளியூர்களில் வாடிக்கையாளருக்குக் காத்திருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கேதான் ஒளிந்திருக்கும். கால்விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட்டுக்கடியில் தண்டவாளம் துருப்பிடித்திருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எஞ்சினை நீங்கள் போனபிறகு குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லவேண்டும். முன்னாலேயே சூடுபண்ணி வைத்திருந்தால் சிரித்துக்கொண்டே மறுநாள் காலை வருவதாகச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. தெருமுனை வரை ஓட்டிவிட்டுத் திரும்புவது பெண் பார்க்கப் போய் வாசலோடு திரும்புவது போல. புதுக்கோட்டையில் கிளம்பினால் திருமயம் கோட்டை கண்ணில் படும் வரையாவது ஓட்டவேண்டும்.

இவ்வளவையும் நாமே பார்க்க முடியுமா? முடியாது. அதற்குத்தான் மெக்கானிக் இருக்கிறார். தரகர் அழைத்து வரும் மெக்கானிக் அல்ல. நாம் கூலி கொடுத்துக் கூட்டிப் போகும் மெக்கானிக். இங்கேதான் நம்மவர்களின் கஞ்சத்தனம் வெளிப்படுகிறது. வண்டி எண்ணின் கூட்டுத்தொகை பார்க்க ஜோசியருக்குப் பணம் உண்டு. பூஜைக்கும் மாலைக்கும், சக்கரத்தடியில் நசுக்கும் நாலு எலுமிச்சம்பழத்துக்கும் பணம் உண்டு. வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் கூலி கொடுத்து அடியில் படுத்துப் பார்க்கச் சொல்ல மட்டும் மனம் வராது!

எஞ்சின் மோசடியைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. அதை நாமே விலைக்கு வாங்குகிறோம். 'பெயர் மாற்றத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அண்ணே!' என்ற வாக்கியம் அது. விற்பவர் 29, 30-ஆம் எண் படிவங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். வாங்கியவர் அதைப் பீரோவில் பூட்டி வைக்கிறார். பிறகு அதே படிவத்தோடு இன்னொருவருக்கு விற்கிறார். பெயர் மாற்றச் செலவு மிச்சமாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்லுகிறது: மாநிலத்துக்குள்ளே விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாட்களுக்குள். தெரிவிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஒரு வழக்கில் காட்டியது. கார் 2007-லேயே விற்கப்பட்டுவிட்டது. கை மாறிக் கை மாறி வேறொருவரிடம் இருந்தபோது 2009-ல் விபத்து. ஆனால் பதிவுப் புத்தகத்தில் முதல்வர் பெயரே இருந்தது. நஷ்டஈட்டுப் பொறுப்பு அவருடையதே என்று தீர்ப்பாயிற்று. காரை முன்பே விற்றுவிட்ட ஒருவர் யாருடைய உயிருக்கோ பணம் கட்டவேண்டிய நிலை! விபத்தில் இழந்தவர்கள் உரிமையாளரைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம் என்ற நியாயத்தில் சொன்ன தீர்ப்பு அது. நான் அதற்குக் கைதட்டுகிறேன்.

என் உறவினர் ஒருவர், ஆலங்குடிப் பக்கம், காரை விற்றுப் பணத்தை வாங்கி மகள் கல்யாணத்தையும் முடித்துவிட்டார். எட்டு மாதம் கழித்து வேறு மாவட்டத்துப் போலீசிலிருந்து அவர் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. வாங்கியவர் நல்லவர்தான், அவரிடமிருந்து வாங்கியவர் யாரென்று அவருக்கே தெரியவில்லை.

வாங்குகிறவருக்கும் இதில் கண்ணி உண்டு. கடன் பாக்கியுள்ள காரென்றால் பதிவுப் புத்தகத்தில் அந்தக் குறிப்பு இருக்கும்; 35-ஆம் எண் படிவத்தில் பாங்கின் கையெழுத்தும் தடையின்மைக் கடிதமும் இல்லாமல் காசை நீட்டக் கூடாது. இன்ஷூரன்ஸை 14 நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற எழுதவேண்டும். இல்லாவிட்டால் நம் காருக்கு வந்த சேதத்துக்கு நாம் கேட்கிறபோது கம்பெனி உதட்டைப் பிதுக்கும். பழைய கார் வியாபாரம் செய்கிற கடைக்காரரும் 2023 ஏப்ரல் முதல் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பலருக்கு அது திடீரென்று 'வீட்டில்' இருக்கும்.

'இப்படியெல்லாம் சந்தேகப்பட்டால் மனிதர்களுக்குள் நம்பிக்கை என்ன ஆவது?' என்று ஒரு நேயர் கேட்கலாம். எனக்கு இந்தக் கேள்வி புரிவதே இல்லை. பெண்ணைக் கொடுக்கும்போது விசாரிக்கிறோம். நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிறோம். அங்கெல்லாம் புண்படாத நம்பிக்கை, கார்க் கதவைத் திறந்ததும் மட்டும் ஏன் புண்படுகிறது? நல்ல காரை விற்கிற நல்ல மனிதர், மெக்கானிக் வருகிறார் என்றால் சாவியைத் தாமே எடுத்து வந்து கொடுப்பார். நான் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் டாக்டர்களும் உண்டு.

சாவியைக் கொடுக்காமல் 'எங்கள் குடும்பத்தைப் பற்றி ஊரில் விசாரித்துப் பாருங்கள்' என்று சொல்லுகிறவரிடம், காப்பிக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். ஊருக்குத் திரும்பப் பஸ் இருக்கிறது.