'பொட்டீக்' என்று யார் தேடுகிறார்கள்?

என்னிடம் படித்த பெண் ஒருத்தி ராஜகீழ்ப்பாக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். நகையை அடகு வைத்து இரண்டு மெஷின் வாங்கியவள். போன வருடம் யாரோ சொன்னார்கள் என்று இருபதாயிரம் கொடுத்து ஒரு வெப்சைட் போட்டாள். ஆறு மாதமாகியும் அதைப் பார்த்துவிட்டு ஒருவரும் வரவில்லை. "கொஞ்சம் பாருங்க டீச்சர்" என்று போனை நீட்டினாள்.

பக்கம் முழுக்க ஒரே வாசகம்: 'சென்னையின் சிறந்த டிசைனர் பொட்டீக்'. எண்ணிப் பார்த்தேன், பதினோரு இடம். (விடைத்தாள் திருத்திய பழக்கம், போகாது.) நான் கடையில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் நாலு போன் வந்தது. "ஆரி வொர்க் பிளவுஸ் எவ்வளவு?" "நாளைக்கே வேணும், தச்சுத் தருவீங்களா?" "சாரிக்கு ஃபால்ஸ் அடிப்பீங்களா?" "கேம்ப் ரோட்டுல இருந்து எப்படி வரணும்?" பொட்டீக் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை.

தேடுகிறவர் கூகுளில் டைப் செய்யும் சொல்லைத்தான் கீவேர்டு என்கிறார்கள். நாம் விரும்பும் சொல் அல்ல. தென்னை மரம் பற்றிக் கட்டுரை கேட்டால், தான் மனப்பாடம் செய்த பசு மாட்டைக் கொண்டுவந்து மரத்தில் கட்டுவானே ஒரு பையன், அந்தக் கதைதான்.

வெப்சைட் போட்டவரிடம் பேசினேன். "அதுக்கெல்லாம் சர்ச் வால்யூம் கிடையாது மேடம்" என்றார். கணக்கில் அவர் சொன்னது சரி. 'சென்னை' என்று சேர்த்தால் தேடுகிறவர் எண்ணிக்கை அதிகம்தான். ஆனால் அந்த வரிசையில் தி.நகர், அண்ணா நகர் கடைகளெல்லாம் முன்னால் நிற்கும். தப்பித் தவறி இவள் கடை தெரிந்தாலும், அண்ணா நகரிலிருந்து பிளவுஸ் தைக்க ராஜகீழ்ப்பாக்கம் வருவார்களா? 'சேலையூர் அவசர பிளவுஸ்' என்று தேடுகிறவர் மாதம் பத்துப் பேராகவே இருக்கட்டும். அந்தப் பத்துப் பேரும் கையில் துணியோடு நிற்கிறவர்கள். இரண்டு மெஷினுக்கு வேறென்ன வேண்டும்?

'தாம்பரம்' என்பதே பெரிய சொல்தான். 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். நாம் இன்னும் சிட்லபாக்கம், செம்பாக்கம் என்றுதானே சொல்கிறோம்? கிழக்குத் தாம்பரத்துக்காரர் ரயில் பாதையைத் தாண்டி மேற்கே போகவே யோசிப்பார். சொற்களும் நிலையாக இருப்பதில்லை. 2023 டிசம்பர் 30-ல் பேருந்து நிலையம் திறக்குமுன் கிளாம்பாக்கத்தைத் தேடியவர் எத்தனை பேர்? இன்று ஊரப்பாக்கத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர் தன் பக்கத்தில் அந்தப் பெயரைப் போடாவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான்.

இன்னொன்று. கீவேர்டு மெட்டா டேக் என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சொற்களை அடுக்கிவிட்டு அதற்கும் தனியாகக் காசு வாங்குகிறார்கள். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. ஒரே சொல்லைத் திணித்துத் திணித்து எழுதுவதும் அவர்கள் விதிப்படி தப்பு.

நாங்கள் செய்தது எளிய வேலை. ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு வாரம், போனில் வந்தவர்கள் கேட்டதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே குறித்து வைத்தாள். அவற்றை கூகுளில் பாதி டைப் செய்து, மீதியாக அது என்ன காட்டுகிறது என்று பார்த்தோம். ஆரி வொர்க்குக்குத் தனிப் பக்கம், கூலி விவரத்தோடு. அவசர பிளவுஸுக்கு இன்னொன்று. ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் என்று ஊர்ப்பெயர்கள், கேம்ப் ரோட்டிலிருந்து வழி. தமிழிலும் எழுதினோம், ஆங்கிலத்திலும் எழுதினோம்.

கூட்டம் அலைமோதவில்லை. போன மாதம் வெப்சைட் பார்த்து ஏழு பேர் வந்தார்கள். எந்தச் சொல்லைத் தேடியபோது நம் பக்கம் தெரிந்தது என்று சர்ச் கன்சோலில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் நாங்கள் நினைத்தே பார்க்காத ஒன்று இருந்தது: குழந்தைக்குப் பட்டுப் பாவாடை. தைக்கத் தெரிந்தவள்தான், பக்கத்தில்தான் எழுதவில்லை. இப்போது அதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.