கோபுலு கற்பித்த அடக்கம்

எங்கள் திருவரங்குளத்திலிருந்து சென்று, இன்று புது தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் எழுந்தருளியிருக்கும் முற்சோழர் காலத்துச் சதுர தாண்டவ நடராஜரின் திருமேனியில், இடக்கால் குறுக்கே வீசப்படாமல் இரு முழங்கால்களும் மடிந்தே நின்றபோதிலும், ஆட்டத்தின் வேகம் சிறிதும் குன்றுவதில்லை. அங்கங்களை அடக்கியே அசைவைக் காட்டிய அந்த ஸ்தபதியின் விவேகம், விளம்பரமும் வர்த்தகச் சின்னமும் வரைகிற இக்காலத்து இளைஞர்களுக்கு முதற்பாடமாக அமைய வேண்டுமென்பது என் அபிப்பிராயம். அந்தப் பாடத்தைப் பத்திரிகைப் பக்கத்திலும் விளம்பர உலகிலும் ஒருங்கே அனுஷ்டித்துக் காட்டியவர் கோபுலு.

1924-இல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணத்து ஓவியப் பள்ளியில் பயின்ற கோபாலனுக்குக் கோபுலு என்று பெயரிட்டவர் ஆனந்த விகடனின் ஓவியர் மாலி. தியாகராஜ சுவாமிகள் திருவையாற்றில் பூஜித்த ராம பட்டாபிஷேகப் படத்தை நேரில் கண்டு வரைந்துவரும்படி 1941-இல் அவர் இட்ட பணியே இளைஞருக்கு வாசல் திறந்தது. பிறகு விகடனில் கழிந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளில், 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கும் 'வாஷிங்டனில் திருமணம்' தொடருக்கும் அவர் தீட்டிய சித்திரங்களில், ஒரு மனிதர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டிருக்கும் விதத்திலிருந்தே அவருடைய ஊரையும் தொழிலையும் செருக்கையும் வாசகர் ஊகித்துவிடலாம். ஒரு வார்த்தையும் இல்லாமலே சிரிக்க வைத்த அவருடைய நகைச்சுவைப் படங்களோ, எதை வரையாமல் விடுவது என்ற கலையில் அவர் அடைந்திருந்த சித்தியின் பிரத்தியட்சப் பிரமாணங்கள்.

1963-இல் அவர் விளம்பர நிறுவனத்துக்குச் சென்றதும், 1972-இல் 'ஆட்வேவ்' என்னும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கியதும் பத்திரிகைக் கலைக்கு நேர்ந்த நஷ்டமென்று வருந்துவோர் உண்டு; எனக்கு அதில் சம்மதமில்லை. குங்குமம் வார இதழுக்கும் சன் தொலைக்காட்சிக்கும் அவர் அமைத்த சின்னங்கள் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் சென்றனவென்றால், அவற்றின் பின்னால் இருந்தது வியாபார தந்திரமன்று, இருபது ஆண்டுக்கால ரேகை அப்பியாசமே. வலக்கை செயலிழந்த முதுமையிலும் இடக்கையால் வரையப் பழகிக்கொண்ட சிரத்தையை வேறு எந்தப் பெயரால் அழைப்பது?

அத்தகைய அப்பியாசம் இல்லாததன் விளைவை எங்கள் பக்கத்திலேயே காணலாம். வம்பன் நால்ரோட்டிலும் ஆலங்குடிக் கடைத்தெருவிலும் கட்டப்படுகிற திருமணப் பிளெக்ஸ் பலகைகளைப் பார்க்கும்போது, ஒரே பலகையில் ஐந்தாறு எழுத்துருக்களும் இருபது முகங்களும் நெரிபட, திருமணம் யாருக்கென்றே தெரியாமல் போகிறது. கணினியில் அமர்ந்து அவற்றை அமைக்கும் பிள்ளைகள் திறமையற்றவர்கள் அல்லர். கண்ணையும் கையையும் பழக்கும் சந்தர்ப்பம்தான் அவர்களுக்கு வாய்க்கவில்லை. பள்ளிகளில் ஓவியப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் தாரை வார்க்கும் வழக்கத்தை நிறுத்தி, வாரத்தில் அந்த ஒரு மணி நேரமாவது தமிழ் எழுத்துகளின் சுழியையும் வளைவையும் பென்சிலால் எழுதிப் பழகவும், எதிரே நடந்துபோகிறவரை நாலே கோடுகளில் பிடித்துப் பார்க்கவும் மாணவர்களை விட்டுவிடுமாறு தலைமையாசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்.